ஏ0, ஏ1, மறுபடியும் ஏ0: ஒரே யோசனையை நான்கு முறை அனுப்பிய அனுபவம்

2019 ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை, விண்ணப்பங்களின் நிலையைக் காட்டும், மணிக்கு ஒருமுறை நான் திறந்து பார்த்துக்கொண்டிருந்த ஈஆர்ஏ காமன்ஸ் தளத்தில், ஆய்வு நிதி கேட்டு நான் அனுப்பிய விண்ணப்பத்தின் நிலை ஒருவழியாக மாறியிருந்தது. மதிப்பெண் இருக்கவேண்டிய கட்டத்தில் எண் எதுவும் இல்லை, 'என்.டி.' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. விண்ணப்பம் விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பது அதற்குப் பொருள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் நான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து அது மூன்றாம் ஆண்டு. ஆய்வகம் தொடங்கக் கல்லூரி கொடுத்த பணம் இன்னும் பதினெட்டு மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதே யோசனையை அதற்குப் பிறகு மூன்று முறை அனுப்பினேன். நான்காவது முறை நிதி கிடைத்தது. இடையில் போன மூன்று ஆண்டுகளில் ஓராண்டையாவது, மறுவிண்ணப்ப விதிகளைச் சரியாகப் படிக்காததாலும், படித்தவற்றைத் தவறான நோக்கில் புரிந்துகொண்டதாலும் வீணாக்கினேன். அந்த ஓராண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்.ஐ.எச். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் தலைமையிடத்தைக் கொண்டது. 27 நிறுவனங்களும் மையங்களும் அதற்குள் அடக்கம். தனி ஆய்வாளர் ஒருவர் தன் ஆய்வகத்தை நடத்துவதற்காக நாடும் நல்கைகளில், அதாவது ஆய்வு மானியங்களில், முதன்மையானது ஆர்01. ஒரு பக்கத்தில் நோக்கங்கள், 12 பக்கத்தில் ஆய்வுத் திட்டம். நம் வாதத்துக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். மதிப்பீட்டுக் குழுவில் பெரும்பாலும் மூன்று பேர் அதை முழுமையாகப் படித்து முன்மதிப்பெண் இடுவார்கள். ஒன்று என்றால் மிகச் சிறப்பு, ஒன்பது என்றால் மிக மோசம். கூட்டத்தில் பேசப்படும் விண்ணப்பங்களுக்குக் குழுவினர் இடும் மதிப்பெண்களின் சராசரியைப் பத்தால் பெருக்கி, 10 முதல் 90 வரையிலான ஓர் எண்ணாகத் தருவார்கள். முன்மதிப்பெண்ணில் ஏறக்குறையக் கீழ்ப்பாதியில் விழுபவை பெரும்பாலும் பேசப்படாமலே போய்விடும். அந்தப் பாதியில்தான் என் விண்ணப்பமும் கிடந்தது.

என் யோசனை, நீரிழிவு நோயாளிகளின் காலில் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும் புண்களைப் பற்றியது. சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இரு பாக்டீரியாக்கள் ஒரே புண்ணில் சேர்ந்து படலமாகப் படியும்போது, தனித்தனியே செய்யாத ஏதோ ஒன்றைச் செய்து நோயெதிர்ப்பு அணுக்களை மந்தமாக்குகின்றன என்பதைக் காட்ட விரும்பினேன். இதற்கு நீரிழிவு வரும்படி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் முதுகில் சிறு புண் உண்டாக்கிக் கவனிப்பதாகத் திட்டம்.

சில வாரம் கழித்து மதிப்பீட்டறிக்கை வந்தது. பேசப்பட்ட விண்ணப்பமாக இருந்தால், கூட்டத்தில் எந்தக் குறை கனமாக எடுத்துக்கொள்ளப்பட்டது, எது தள்ளுபடியானது என்பதைச் சொல்லும் விவாதச் சுருக்கம் ஒன்று அறிக்கையின் தலையில் இருக்கும். என்.டி. ஆன விண்ணப்பத்துக்கு அந்தப் பத்தி கிடையாது. மூன்று பேரின் விமர்சனம் மட்டும் தனித்தனியே இருக்கும். அவற்றில் எது கனமானது என்று நாமேதான் ஊகிக்கவேண்டும். நான் தப்பாக ஊகித்தேன்.

மூவரும் சொன்ன குறைகளைச் சுருக்கினால் மூன்று. முதலாவது, சுண்டெலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. அது புண்ணின் விளிம்புகளைச் சுருக்குப் பை போல இழுத்து மூடிவிடும். மனிதரின் புண்ணோ அடியிலிருந்து புதுத்திசு எழும்பி, மேலே தோல் படர்ந்துதான் ஆறும். ஆகவே என் எலியில் நடப்பது மனிதரில் நடப்பதன் நிழல்கூட அல்ல என்றார் ஒருவர். இரண்டாவது, ஆண் எலிகளை மட்டும் பயன்படுத்தியிருந்தேன். பாலின வேறுபாட்டை ஆய்வு வடிவமைப்பிலேயே கணக்கில் கொள்ளவேண்டும் என்ற என்.ஐ.எச். கொள்கை 2016 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதை ஒரு வரியில் கடந்துபோகலாம் என்று நினைத்தது என் அசட்டுத்தனம். மூன்றாவது, முதல் நோக்கம் தோற்றால் இரண்டாவதும் மூன்றாவதும் தாமே விழுந்துவிடும்படி திட்டத்தை அடுக்கியிருந்தேன்.

இந்த நிலையில் விதி நமக்கு இரண்டு கதவுகளைத் திறந்து வைக்கிறது. முதல் விண்ணப்பத்தை ஏ0 என்பார்கள். அதையே திருத்தி, முந்தைய விமர்சனங்களுக்கு ஒரு பக்க முன்னுரையில் பதில் எழுதி அனுப்பினால் அது மறுவிண்ணப்பம், அதாவது ஏ1. ஏ0 அனுப்பிய நாளிலிருந்து 37 மாதத்துக்குள் ஏ1 போய்ச் சேரவேண்டும். ஒரு ஏ0-வுக்கு ஒரே ஒரு ஏ1 மட்டுமே உண்டு. முந்தைய மதிப்பீட்டறிக்கை கையில் வராமல் அதை அனுப்ப முடியாது. மற்றொரு கதவு, அதே யோசனையைப் புது விண்ணப்பமாக, மறுபடியும் ஏ0-வாக அனுப்புவது. அதில் முன்னுரைப் பக்கம் கிடையாது. முந்தைய மதிப்பீட்டைப் பற்றி ஒரு சொல்கூட உள்ளே இருக்கக்கூடாது.

இவ்வளவு தாராளம் எப்போதும் இருந்ததில்லை என்பதை எனக்குச் சொன்னவர், பக்கத்து ஊரில் ஓய்வுபெற்று வாழும் திருநெல்வேலிக்காரரான மூத்த பேராசிரியர் ஒருவர். பல ஆண்டுகள் மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்தவர் அவர். ஒரு காலத்தில் இரண்டு முறை திருத்தி அனுப்பலாம், ஏ2 வரை. நல்ல விண்ணப்பங்கள்கூட வரிசையில் நின்று கடைசி முறைதான் நிதி பெறுகின்றன என்று சொல்லி, 2009 ஜனவரி முதல் ஏ2-வை எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஏ1-ம் தோற்றால் அந்த யோசனையைக் கணிசமாக மாற்றாமல் மறுபடி அனுப்ப முடியாது. மாற்றியது போதுமா என்று சரிபார்த்துத் திருப்பியும் அனுப்பினார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் நல்ல யோசனைகள் பல அப்படியே செத்துப்போனதைக் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்வார். 2014 ஏப்ரலில் விதி தளர்ந்தது. ஏ1 தோற்றாலும் அதே யோசனையைப் புது ஏ0-வாக அடுத்த தவணையிலேயே அனுப்பலாம் என்றானது. "எங்க காலத்துல ரெண்டாவது தடவை விழுந்தா கதை முடிஞ்சுது தம்பி. உங்களுக்கு வழி இருக்கு. வழி இருக்குங்கறதுக்காக ஓடக்கூடாது," என்பார்.

நான் ஓடத்தான் செய்தேன். ஆர்01 புது விண்ணப்பங்களுக்குப் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களின் 5ஆம் தேதி தவணை நாள். மறுவிண்ணப்பங்களுக்கு மார்ச், ஜூலை, நவம்பர் 5. அறிக்கை கைக்கு வந்தபோது ஜூலைத் தவணை போயிருந்ததால் நவம்பரைப் பிடித்துக்கொண்டேன். 37 மாதம் என்று விதி சொல்வதை, இவ்வளவு நாள் காத்திருப்பவன் சோம்பேறி என்ற தொனியில் நானாகவே வாசித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அத்தோடு எனக்கு இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. முனைவர் பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுகளுக்குள், பெரிய நல்கை எதுவும் பெறாமல் இருப்பவர்களைத் தொடக்கநிலை ஆய்வாளர்கள் என்று வகைப்படுத்தி, நிதி கிடைப்பதற்கான மதிப்பெண் வரம்பில் அப்போது சற்றுச் சலுகை காட்டினார்கள். 2009 டிசம்பரில் பட்டம் பெற்ற எனக்கு அந்தச் சலுகை 2019 முடிவோடு தீரவிருந்தது. ஆகவே எப்படியாவது நவம்பர் 5 என்று மனத்தில் எழுதிவிட்டேன்.

அந்த நான்கு மாதத்தில் நான் எழுதினேன், ஆய்வு செய்யவில்லை. எலிப் புண் சுருங்கி மூடுவதைப் பற்றிய விமர்சனத்துக்கு, இதே எலியைப் பயன்படுத்தி வெளிவந்த கட்டுரைகளை அடுக்கி, இது துறையில் ஏற்கப்பட்ட முறைதான் என்று வாதாடினேன். பெண் எலிகளைச் சேர்ப்பதாக வாக்குறுதி கொடுத்தேன். மூன்றாவது குறையை மட்டும் நேர்மையாகச் சரிசெய்தேன். அனுப்பும் முன் அந்த ஒரு பக்க முன்னுரையைப் பேராசிரியர் கேட்டு வாங்கிப் படித்தார். 'மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்' என்ற பொருள்படும் வாக்கியம் அந்தப் பக்கத்தில் வெவ்வேறு உடுப்பில் நான்கு இடத்தில் இருந்தது. நான்கையும் பென்சிலால் வட்டமிட்டார். "இதை எழுத உங்களுக்கு மூணு மாசம் ஆயிருக்கு. அந்த மூணு மாசத்துல எலி வேலையைச் செஞ்சிருக்கலாமே?" என்றார். தவணைக்கு ஆறு நாள் இருந்தது. வட்டமிட்ட வாக்கியங்களைப் பணிவாக்கினேன். வாதத்தை அப்படியே விட்டேன்.

2020 மார்ச்சில் முடிவு வந்தது. இந்த முறை விவாதித்திருந்தார்கள், மதிப்பெண் 47. பேசப்பட்டதே முன்னேற்றம் என்றாலும், நிதி எல்லைக்கு வெகு தொலைவு. அறிக்கையின் விவாதச் சுருக்கம் தெளிவாக இருந்தது: விண்ணப்பதாரர் பதில் சொல்லியிருக்கிறார், ஆனால் புது ஆதாரம் எதையும் காட்டவில்லை. ஏ1 அனுப்பும்போது முந்தைய அறிக்கையும் மதிப்பீட்டாளர்களின் கையில் இருக்கும் என்பதை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை. அதே குழுவுக்குப் போனாலும் அதே மூவர் படிப்பார்கள் என்ற உறுதி இல்லை. புதிதாக வரும் ஒருவர், முன்னவர் கேட்ட கேள்வியையும் நாம் சொன்ன பதிலையும் அருகருகே வைத்துப் படிப்பார். கேள்வி ஆய்வைப் பற்றியதாகவும் பதில் மேற்கோளாகவும் இருந்தால், அந்த இடைவெளி முதலில் எழுதியவரைவிட அவர் கண்ணுக்கு அகலமாகத் தெரியும்.

இதற்கு நடுவில் நான் செய்த இன்னொரு தவறும் உண்டு. ஏ1-இன் முடிவு வருவதற்கு முன்பே, 2020 பிப்ரவரியில், பணம் தீர்ந்துகொண்டிருந்த பதற்றத்தில், அதன் முதல் நோக்கத்தை மட்டும் பெயர்த்தெடுத்து ஆர்21 என்ற இரண்டாண்டுச் சிறு நல்கைக்கு அனுப்பினேன். ஒரே அறிவியல் உள்ளடக்கம் கொண்ட இரண்டு விண்ணப்பங்கள் ஒரே நேரத்தில் மதிப்பீட்டில் இருக்கக்கூடாது என்பது விதி. நல்கை வகை வேறாக இருப்பதால் அது பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பொருந்தும். ஆர்21 மதிப்பீட்டுக்குப் போகாமலே திரும்பியது. ஆறு பக்கமும் ஐந்து வாரமும் போயின. விண்ணப்பத்தில் பாதிக்கு மேல் வெட்டி ஒட்டும் எண்ணம் வந்தாலே, முந்தையதன் அறிக்கை வந்துவிட்டதா என்று முதலில் பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஏ1-இன் முடிவு வந்த சில நாட்களில் கொரோனாவால் ஆய்வகத்தை மூடினார்கள். எலிகளில் பெரும்பகுதியைக் குறைக்கச் சொன்னார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு அறிக்கைகளையும் அச்செடுத்து, ஆறு விமர்சனங்களையும் கத்தரிக்கோலால் வாக்கியம் வாக்கியமாக வெட்டினேன். பேராசிரியர் சொல்லிக்கொடுத்த வழி இது. எந்தச் சீட்டு எவருடையது என்று தெரியாதபடி கலைத்துவிட்டு மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும்: ஆய்வு செய்துதான் பதில் சொல்ல முடிந்தவை, எழுத்தைத் திருத்தினால் போதுமானவை, உண்மையிலேயே கருத்து வேறுபாடானவை. மூன்றாவது குவியல் பெரிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அதில் கடைசியாக நான்கு சீட்டு இருந்தது. முதல் குவியலில் இருபதுக்கு மேல். அவற்றில் பாதி ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: உன் எலிப் புண் சுருங்குகிறது.

இரண்டு கதவில் எதன் வழியே போவது என்பதற்கு அந்தக் குவியல்கள்தான் எனக்கு விடை சொல்லின என்றாலும், ஏ1 ஏற்கனவே செலவாகிவிட்டதால் எனக்கு இருந்தது ஒரு கதவுதான். பொதுவாகச் சொன்னால், குறைகள் பெரும்பாலும் ஆய்வு செய்து தீர்க்கக்கூடியவையாக இருந்து, பதிலைக் காட்ட நம்மிடம் புதுத்தரவு இருந்தால் ஏ1 நல்லது. அந்த ஒரு பக்கம் நமக்கு வக்கீலாக நிற்கும். யோசனையே முக்கியமில்லை என்று மூவரும் நினைத்திருந்தால், ஒரு பக்க முன்னுரை அந்த அவநம்பிக்கையை மறுபடி நினைவூட்டுவதைத் தவிர வேறெதையும் செய்யாது. நோக்கங்களையே மாற்றி எழுதிப் புது ஏ0-வாக அனுப்புவது மேல். என் முதல் என்.டி.க்குப் பிறகு நான் 2020 நவம்பர் வரை காத்திருந்து ஏ1 அனுப்பியிருந்தாலும் 37 மாதத்துக்குள் வசதியாக அடங்கியிருக்கும். தொடக்கநிலைச் சலுகையைப் பிடிக்க ஓடி, ஏ1-ஐயும் சலுகையையும் சேர்த்து இழந்தேன்.

2020 அக்டோபர் 5ஆம் தேதி புது ஏ0. தவணை நாளில், விண்ணப்பிக்கும் கல்லூரி இருக்கும் ஊரின் நேரப்படி மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு, எங்கள் கல்லூரியின் நல்கை அலுவலகத்தில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஓர் அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஏழாம் பக்கத்தின் நடுவில், புள்ளியியல் பற்றிய பத்தியில், 'முன்பு எழுப்பப்பட்ட கவலையைக் கருத்தில் கொண்டு எலிகளின் எண்ணிக்கையை உயர்த்தியுள்ளோம்' என்று ஓர் அரைவாக்கியம் இருந்தது. பழைய ஏ1-இன் கோப்பைத் திறந்து எழுதியதால் ஒட்டிக்கொண்டு வந்தது. புது விண்ணப்பத்துக்குள் பழைய மதிப்பீட்டைக் குறிப்பிட்டால் அதை ஏற்காமல் திருப்ப அவர்களுக்கு விதியில் இடம் உண்டு என்றார். பதினைந்து ஆண்டுக்கு முன் வேறொருவர் விண்ணப்பம் அப்படிப் போனதை அவர் மறக்கவில்லை. அன்று முதல் புது ஏ0-வைப் பழைய கோப்பிலிருந்து நான் எழுதுவதில்லை. வெற்றுக் கோப்பைத் திறந்து, படங்களை மட்டும் கொண்டுவருவேன். அது வேலையை இரட்டிப்பாக்குகிறது என்பது உண்மை. எழுத்தில் பழைய சண்டையின் வாடை போய்விடுகிறது என்பதும் உண்மை.

இந்தப் புது ஏ0-வுக்கு 2021 பிப்ரவரியில் 36 மதிப்பெண் வந்தது. சதமான வரிசை 22, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 22 விண்ணப்பங்கள் என்னுடையதைவிட மேல். சலுகை இருந்திருந்தால் ஒருவேளை பேசிப் பார்க்கலாம், அது இல்லை. ஆனால் இந்த முறை நான் முன்பு செய்யாத ஒன்றைச் செய்தேன். என்.ஐ.எச்.சில் நல்கைகளைக் கவனிக்கும் அலுவலரான புரோகிராம் ஆபீசரைத் தொடர்புகொண்டேன். மதிப்பீட்டுக் கூட்டம் முடியும்வரை நம் கேள்விகளெல்லாம் கூட்டத்தை நடத்தும் மதிப்பீட்டு அலுவலருக்குத்தான் போகவேண்டும். முடிந்தபின் அவரிடம் பேசிப் பயனில்லை, புரோகிராம் ஆபீசரிடம்தான் பேசவேண்டும். அவர்கள் பெரும்பாலும் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு நிதி கிடைக்குமா என்று கேட்டால் அவர்களால் பதில் சொல்ல முடியாது. அறிக்கை கைக்கு வந்த பிறகு, அதைப் படித்துவிட்டு, ஒரு பத்தியில் மூன்று கேள்வி எழுதி நேரம் கேட்டேன். எனக்குக் கிடைத்த இருபது நிமிடத்தில் ஒரே ஒரு தகவல் தங்கமாக இருந்தது: யோசனையைப் பற்றிக் கூட்டத்தில் யாருக்கும் தயக்கமில்லை, எலிப் புண்ணைப் பற்றியே பேசிப் பேசி மதிப்பெண் மோசமானது.

மேல்முறையீடு செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்யலாம். பாரபட்சம், நலன் முரண்பாடு, குழுவில் போதிய நிபுணத்துவம் இல்லாமை, மதிப்பீட்டை மாற்றியிருக்கக்கூடிய உண்மைப்பிழை ஆகிய காரணங்களுக்கு அதற்கு வழி உண்டு. அறிவியல் கருத்து வேறுபாடு ஒரு காரணமாகாது. வென்றாலும் கிடைப்பது மறுமதிப்பீடு மட்டுமே, பணமில்லை. என்னிடம் இருந்தது கருத்து வேறுபாடுகூட அல்ல, எலி.

ஆகவே ஜூலைத் தவணையை வேண்டுமென்றே விட்டேன். கல்லூரி இடைக்கால நிதியாகக் கொடுத்த சிறு தொகையில் எலிகளை வாங்கினோம், இந்த முறை ஆணும் பெண்ணும் சரிபாதி. புண் சுருங்காமல் தடுக்க, அதைச் சுற்றிச் சிலிக்கான் வளையம் ஒன்றை ஒட்டித் தையல் போட்டு நிறுத்தும் முறை ஒன்று உண்டு. தோல் நடுவை நோக்கி இழுபடாது, மனிதர் புண் போலத் திசு எழும்பித்தான் ஆறவேண்டும். கேட்க எளிது. வளையம் அரை மில்லிமீட்டர் தடிமன். அதில் எட்டுத் தையல். முதல் வாரம் என் மாணவியும் நானும் மாலை முழுவதும் குனிந்து தைத்துவிட்டுப் போனால், காலையில் வந்து பார்க்கும்போது கூண்டின் ஒரு மூலையில் வளையங்கள் கடித்துக் குதறிக் கிடக்கும். எலிகள் ஒன்றையொன்று விடுவித்திருந்தன. ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில் வைத்து, மேலே ஒளி ஊடுருவும் ஒட்டுத்துணி போட்ட பிறகுதான் வளையங்கள் நின்றன. ஆகஸ்ட் கடைசியில் முதல் நல்ல படம் கிடைத்தது: வளையமிட்ட புண்ணில் இரு பாக்டீரியாவும் சேர்ந்திருந்தால் இருபதாம் நாளிலும் ஆறவில்லை, ஒன்று மட்டும் இருந்தால் ஆறியது. வேறுபாடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முதல் விமர்சகர் சொன்னதுதான் சரி; என் எலி சுருங்கிச் சுருங்கி என் கண்டுபிடிப்பையே பாதி மறைத்திருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் கோபத்தோடு படித்த அந்தப் பத்தியை அன்று மறுபடி எடுத்துப் படித்தேன்.

2021 நவம்பர் 5ஆம் தேதிக்கான ஏ1-இன் முன்னுரைப் பக்கத்தை எழுத எனக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. மதிப்பீட்டாளர்களுக்கு நன்றி ஒரு வரி. கூட்டம் பாராட்டியது எதுவோ அதை ஒரு வரியில் நினைவூட்டல். அதன்பின் கனமான குறை முதலில்: வளையமிட்ட புண், புதுப்படம் எந்தப் பக்கத்தில், என்ன காட்டியது. மூவரில் ஒருவர் மட்டும் சொன்ன சிறு குறைகளை ஒரே வாக்கியத்தில் தொகுத்தேன். ஏற்காத ஒன்று இருந்தது. ஏற்கவில்லை என்பதை மறைக்காமல், ஏன் என்று இரண்டு வரியில் எழுதினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற முன்னுரை, வளைந்து கொடுக்கிறவர் ஆய்வையும் வளைத்துவிடுவார் என்ற எண்ணத்தைத் தரும் என்பது பேராசிரியரின் கணிப்பு. திருத்திய வரிகளையெல்லாம் தடித்த எழுத்திலோ ஓரக்கோட்டிலோ காட்டவேண்டும் என்ற பழைய கட்டாயம் முன்பே போய்விட்டது. ஆகவே எங்கே பார்க்கவேண்டும் என்பதை முன்னுரைதான் சொல்லவேண்டும். டிசம்பரில் வளைய முறை பற்றிய எங்கள் கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டது. அப்படி ஏற்கப்பட்ட செய்தியைக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக ஒரு பக்கத்தில் அனுப்ப விதி இடம் தருகிறது, அனுப்பினேன்.

மதிப்பெண் 24, சதமான வரிசை 9. இரண்டாம் கட்ட மதிப்பீடான மே மாத ஆலோசனை மன்றக் கூட்டத்தைத் தாண்டி, 2022 ஜூலையில் நல்கை ஆணை வந்தது.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், என் கதையை அப்படியே வாய்பாடாக எடுத்துக்கொள்ளவேண்டாம். 2025 ஜனவரி 25 முதல் மதிப்பீட்டு அளவுகோல்களையே மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள்: ஆய்வின் முக்கியத்துவம், செய்முறையின் கண்டிப்பும் சாத்தியமும் ஆகிய இரண்டுக்கு மட்டும் ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண், ஆய்வாளரும் வசதிகளும் போதுமா போதாதா என்ற கணக்கில் முடிந்துவிடும். அதே ஆண்டு செப்டம்பர் 25 முதல், முதன்மை ஆய்வாளர் ஒருவர் ஓர் ஆண்டில் ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்ப முடியாது. மறுவிண்ணப்பமும் அந்த ஆறில் ஒன்றாகக் கணக்காகும். அவசரத்தில் அனுப்பும் ஓர் ஏ1-இன் விலை இப்போது இன்னும் கூடுதல். ஐரோப்பாவில் இது வேறு விதம். ஜெர்மனியில் இருக்கும் என் நண்பர் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்துக்கு விண்ணப்பித்து முதல் படியிலேயே பி தரம் பெற்றபோது, அந்த ஆண்டு விதிப்படி அடுத்த அழைப்பில் அவர் விண்ணப்பிக்கவே முடியவில்லை. அப்போது சி தரமாக இருந்திருந்தால் இரண்டு ஆண்டு காத்திருக்கவேண்டும். பிரிட்டனில் பொறியியல், இயற்பியல் அறிவியல் ஆராய்ச்சி மன்றம், தான் அழைக்காத மறுவிண்ணப்பத்தை ஏற்பதே இல்லை. எனக்கு அவர்கள் முறை கொடுமையாகத் தோன்றியது. "காத்திருன்னு அவங்க எங்களைக் கட்டிப்போடுறாங்க. உங்களை யாரும் கட்டலை, அப்படியும் நீங்க காத்திருக்க மாட்டீங்க," என்றார் நண்பர்.

சென்ற மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் கதவைத் தட்டினார். என்.டி. வந்திருக்கிறது, அடுத்த தவணைக்கே ஏ1 அனுப்பப்போகிறேன், முன்னுரையைப் படித்துத் தரமுடியுமா என்று கேட்டார். முன்னுரையை வாங்கி மேசைமேல் வைத்தேன். அறிக்கையில் எத்தனை இடத்தில் அவருடைய செல் மாதிரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். எண்ணினார். ஒன்பது. அந்தச் செல்களைப் புதிதாக வளர்த்துத் தரவு எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். ஏழு மாதம் என்றார். ஏ0 அனுப்பிப் பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் இருபத்தாறு மாதம் இருக்கிறது. முன்னுரையைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.